கொற்கைக்காரர் கேட்ட நிலமும் எங்க அப்பா வாங்கின வீடும்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்தவற்றை நீக்கி, வாசிக்க வசதியாகத் தொகுத்திருக்கிறோம்.)

போன எபிசோடுக்கு வந்த கேள்விகள்ல ஒண்ணு என்னை ரெண்டு வாரமா விடல. "வீடு வாங்கப் போறேன், புரோக்கர் எல்லாம் கிளியர்னு சொல்றார், நம்பலாமா?" அப்படின்னு ஒரு நேயர் கேட்டிருந்தார். ஒரு வரியில பதில் சொல்லியிருக்கலாம். ஆனா இந்தக் கேள்விக்கு எங்க ஊர்ப் பக்கத்துலயே ஏறக்குறைய 1,250 வருஷ வரலாறு இருக்கு. அதோட எங்க வீட்டுலயே ஒரு கதை இருக்கு. ரெண்டையும் சேர்த்துச் சொன்னாத்தான் பதில் முழுசாகும்.

எங்க ஊர் ஸ்ரீவைகுண்டம். தெரியாதவங்களுக்கு: தூத்துக்குடி மாவட்டம், தாமிரபரணி வடகரை. நவதிருப்பதியில முதல் திருப்பதி. குமரகுருபரர் பிறந்த ஊர். ஆத்துக்கு அந்தப் பக்கம் ஆதிச்சநல்லூர். ஆத்தோட கடைசி அணைக்கட்டு எங்க ஊர்ல இருக்கு. கடல் பக்கமா இறங்கி ஏரலைத் தாண்டினா கொற்கை. அங்கதான் இன்னைக்குக் கதை ஆரம்பிக்குது.

கொற்கையிலிருந்து வந்த ஒரு முறையீடு

கொற்கைன்னாலே முத்துதான் ஞாபகம் வரும். கிரேக்கர்கள் கொல்கோய்னு எழுதி வச்ச பாண்டியர் துறைமுகம். இப்ப கடல் சில கிலோமீட்டர் தள்ளிப் போயிடுச்சு. வாழைத் தோட்டமும் ஒரு குளமும் பழைய வன்னி மரமும்தான் பார்க்க இருக்கு. ஆனா அந்த ஊர்க்காரர் ஒருத்தர் போட்ட நில வழக்கு, இன்னைக்கு லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துல செப்பேடா இருக்கு. வேள்விக்குடிச் செப்பேடுகள். பள்ளிக்கூடத்துல களப்பிரர் பாடத்துல ஒரு வரியா படிச்சிருப்போம். முழுசா படிச்சுப் பார்த்தா, அது ஒரு டைட்டில் தகராறு.

சுருக்கமா சொல்றேன். பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதிங்கிற சங்ககாலப் பாண்டியன், வேள்விக்குடிங்கிற ஊரைக் கொற்கைகிழான் நற்கொற்றனுக்குத் தானமா கொடுக்கிறான். அந்தக் குடும்பம் ரொம்ப காலம் அனுபவிக்குது. அப்புறம் களப்பிரர் ஆட்சி வருது, நிலம் பறிபோகுது. கடுங்கோன் வந்து பாண்டிய ஆட்சியை மீட்கிறான். ஆனா இந்தக் குடும்பத்துக்கு நிலம் திரும்ப வரல. தலைமுறைகள் போகுது. பாண்டியன் நெடுஞ்சடையனோட மூணாம் ஆட்சியாண்டுல, அதாவது 770-ஐ ஒட்டி, அதே கொற்கைக் குடும்பத்துல வந்த நற்சிங்கன்கிறவர் கூடல் மாநகர்ல, அதாவது மதுரையில, ராஜா முன்னாடி நின்னு முறையிடுறார். இது எங்க நிலம், உங்க முன்னோர் கொடுத்தது, களப்பிரர் பறிச்சாங்கன்னு.

ராஜா உடனே கொடுத்துடல. இது பழைய உரிமைன்னு நாட்டாரை வச்சு நிரூபிச்சுட்டு வாங்கிக்கோன்னு சொல்றார். நற்சிங்கன் அங்கேயே நிரூபிக்கிறார். ராஜா நிலத்தைத் திருப்பிக் கொடுத்து, செப்பேட்டுல எழுதியும் வைக்கிறார்.

இதைப் படிக்கும்போது நமக்கு நற்சிங்கன் மேலதான் அக்கறை வரும். நியாயம் கிடைச்சிடுச்சேன்னு சந்தோஷப்படுவோம். நானும் அப்படித்தான் படிச்சேன். 2022 வரைக்கும்.

அதுக்கப்புறம் எனக்கு வேற ஒரு கேள்வி வந்துச்சு. களப்பிரர் காலத்துல இருந்து 770 வரைக்கும் அந்த நிலத்துல யாரோ இருந்திருப்பாங்கல்ல? உழுதிருப்பாங்க, வரி கட்டியிருப்பாங்க. பறிச்சவன் எப்பவோ போயிட்டான். கடைசியா அங்க இருந்தவன் யாரையும் ஏமாத்தியிருக்க வேண்டியதில்ல. ஒருநாள் காலையில, இந்த நிலம் உன்னது இல்லன்னு ராஜா தீர்ப்பு வருது. அந்த ஆள் என்ன ஆனான்? செப்பேட்டுல அவன் பேரு இல்ல.

வீடு வாங்குற ஒவ்வொருத்தரும் அந்தப் பேரில்லாத ஆளாக வாய்ப்பிருக்கு. எங்க அப்பா ஆனார்.

எங்க வீட்டுக் கதை

அப்பா தூத்துக்குடியில ஒரு உப்பளத்துல கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். வாடகை வீட்டுலயே வாழ்க்கை முழுக்கப் போச்சு. 2019-ல எனக்கு முதல் வேலை கிடைச்சு சில மாசம்தான் ஆகியிருந்துச்சு. ஸ்ரீவைகுண்டத்துலயே ஒரு பழைய ஓட்டு வீடு விலைக்கு வந்துச்சு. அப்பாவோட சேமிப்பு, அம்மா நகை, மிச்சத்துக்கு என் பேரையும் சேர்த்து வீட்டுக் கடன்.

இடையில நின்ன புரோக்கர் அப்பாவுக்கு இருபது வருஷப் பழக்கம். அவர் பேரு வேண்டாம், அண்ணாச்சின்னே வச்சுக்குவோம். அண்ணாச்சி சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கு: "முப்பது வருஷ வில்லங்கம் போட்டுப் பாத்தாச்சு. கண்ணாடி மாதிரி இருக்கு. பேங்க்காரனே கடன் தாரான்லா, பொறவு என்ன? ஒண்ணும் யோசிக்காதிய."

நாங்க யோசிக்கல. பத்திரம் பதிஞ்சோம். அப்ப முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 4 சதவீதம், மொத்தம் 11 சதவீதம் அரசுக்குக் கட்டினோம். பட்டா மாத்தினோம். வெள்ளையடிச்சுப் பால் காய்ச்சினோம்.

2022-ல மும்பையிலிருந்து ஒரு வக்கீல் நோட்டீஸ் வந்துச்சு. வீட்டை வித்தவங்க அண்ணன் தம்பி ரெண்டு பேர். அவங்க அப்பா உயில் எழுதாம இறந்துட்டார், அம்மா அதுக்கும் முன்னாடியே போயிட்டாங்க. 1998-ல ரெண்டு பேரும் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிஞ்சிருக்காங்க. அதுல இல்லாத ஒரு ஆள், அவங்க அக்கா. கல்யாணமாகி மும்பை தாராவிக்குப் போனவங்க. நம்ம திருநெல்வேலிச் சீமைக்காரங்க எத்தனையோ பேர் போன மாதிரி. அவங்க இறந்துட்டாங்க. அவங்க மகதான் நோட்டீஸ் அனுப்பியிருந்தாங்க: எங்க அம்மாவோட மூணுல ஒரு பங்கு எங்கே?

கேள்வி நியாயமான கேள்வி. வீடு அந்தத் தாத்தா சுயமா சம்பாதிச்சது. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாம ஒருத்தர் இறந்தா மகனும் மகளும் சம வாரிசு. பூர்வீகச் சொத்துல பெண்ணுக்குப் பங்கு தமிழ்நாட்டுல 1989 திருத்தத்துல வந்துச்சு, நாடு முழுக்க 2005-ல. ஆனா அப்பாவோட சுயசம்பாத்தியத்துல பங்கு 1956-லயே வந்தாச்சு. நம்ம வீடுகள்ல "சீர் செஞ்சாச்சுல்லா"ன்னு சொல்லி விட்டுடுவாங்க. சட்டம் விடாது.

அண்ணன் தம்பி தங்களோட மூணுல ரெண்டு பங்கைத்தான் வித்திருக்க முடியும். மிச்சம் ஒரு பங்குக்கு நாங்க கொடுத்த காசு, இல்லாத பொருளுக்குக் கொடுத்த காசு.

எங்க வக்கீல் சொன்னார்: சொத்துரிமை மாற்றுச் சட்டம் 55-ஆம் பிரிவுப்படி, விக்கிற உரிமை தனக்கு இருக்குன்னு வித்தவர் உத்தரவாதம் கொடுத்ததாத்தான் அர்த்தம். அதுபோக நம்ம ஊர்க் கிரயப் பத்திரம் எல்லாத்துலயும் கடைசியில ஒரு வாக்கியம் வரும். பின்னாடி ஏதாவது வில்லங்கம் வந்தா என் சொந்தச் செலவுல தீர்த்துத் தரேன்னு வித்தவர் எழுதிக் கொடுப்பார். எங்க பத்திரத்துலயும் இருந்துச்சு. ஆனா அந்த ரெண்டு பேர்ல ஒருத்தர் கொரோனாவுல போயிட்டார். இன்னொருத்தர் வந்த காசைக் கடனுக்குக் கட்டிட்டு வாடகை வீட்டுல இருந்தார். கேஸ் போட்டா ஜெயிக்கலாம். வசூல் பண்ண ஒண்ணும் இல்ல.

பேங்க்? பேங்க்குக்குக் கவலையே இல்ல. கடன் எங்க பேர்ல இருக்கு, மாசம் பிறந்தா என் சம்பளத்துல பிடிச்சுக்குவாங்க. பேங்க் வக்கீல் கொடுத்த லீகல் ஒப்பீனியனுக்குக் காசு கொடுத்தது நாங்க, ஆனா அது பேங்க்குக்கு எழுதின கடிதம்.

கடைசியில பேசித்தான் முடிச்சோம். அந்த மும்பை அக்காவுக்கு ஆறு லட்சம் கொடுத்து, விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கினோம். வந்து கையெழுத்துப் போட்டுட்டு, எங்க வீட்டு வாசல்ல கொஞ்ச நேரம் நின்னாங்க. "இது அம்மா கோலம் போட்ட வாசல்"னு சொன்னாங்க. எனக்கு அவங்க மேல கோபமே வரல. அவங்கதான் நற்சிங்கன். உரிமை அவங்க பக்கம். அதே சமயம் அந்த ஆறு லட்சம் எங்க அப்பாவோட மருத்துவச் செலவுக்குன்னு ஒதுக்கி வச்ச பணம். ரெண்டும் ஒரே நேரத்துல உண்மை.

அப்பா அண்ணாச்சியைக் கூப்பிட்டுக் கேட்டார். அவர் தலையைக் குனிஞ்சுக்கிட்டே, "எனக்குத் தெரிஞ்சதச் சொன்னேன் அண்ணாச்சி. அப்படி ஒரு அக்கா இருக்கான்னே எனக்குத் தெரியாதுல்லா"ன்னார். அது பொய் இல்ல. அவருக்கு உண்மையாவே தெரியாது.

இந்த இடத்தைக் கவனிங்க. யாரும் எங்களை ஏமாத்தல. வித்தவங்களே அக்காவுக்குப் பங்கு கிடையாதுன்னு மனசார நம்பினவங்க. எல்லாரும் நேர்மையா இருந்தும் நஷ்டம் வந்துச்சு. அந்த நஷ்டத்தை யார் ஏத்துக்கணும்?

பதிவுன்னா என்ன, உரிமைன்னா என்ன

நான் சாஃப்ட்வேர் ஆளு, என் பாஷையில சொல்றேன். நம்ம பதிவுத்துறை ஒரு லாக் ஃபைல். யார் யாருக்கு என்ன எழுதிக் கொடுத்தாங்கன்னு தேதி வாரியா அடுக்கி வச்சிருக்கு. ஆனா எழுதிக் கொடுத்தவருக்கு அந்த உரிமை இருந்துச்சான்னு அந்த லாக் சோதிக்கிறதில்ல. ஒரு என்ட்ரி இருக்குன்னா அது நடந்துச்சுன்னு அர்த்தம். அது சரின்னு அர்த்தம் இல்ல.

இது இன்னைக்கு வந்த குறை இல்ல, ஆரம்பத்துலயே இப்படித்தான் வடிவமைச்சாங்க. 1864-ல பிரிட்டிஷ் இந்தியாவுக்கு முதல் பொதுப் பதிவுச் சட்டம் வருது. அப்ப பெரிய தலைவலி போலிப் பத்திரமும், ஒரே நிலத்தை ரெண்டு பேருக்கு விக்கிறதும். அதைத் தடுக்கப் பத்திரத்தை ஒரு பொதுப் புத்தகத்துல ஏத்தினாங்க. நாம இப்ப பயன்படுத்துற 1908 பதிவுச் சட்டமும் அதே வழிதான். வந்திருக்கிறது அந்த ஆள்தானா, அவர் கையெழுத்துதானான்னு சார்பதிவாளர் பார்ப்பார். உரிமையை விசாரிக்கிறது அவர் வேலை இல்ல.

தமிழ்நாடு இதை மாத்த முயற்சி பண்ணுச்சு. 55-ஏ விதின்னு ஒண்ணு வந்துச்சு. மூலப் பத்திரத்தைக் காட்டாம பதியக் கூடாதுன்னு. 2025 ஏப்ரல்ல உச்ச நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாதுன்னு சொல்லிடுச்சு. காரணம், விக்கிறவருக்கு உரிமை இருக்கான்னு பார்க்கிற அதிகாரத்தைப் பதிவுச் சட்டம் சார்பதிவாளருக்குத் தரவே இல்ல. உரிமையே இல்லாதவர் எழுதிக் கொடுத்தாலும், நடைமுறை சரியா இருந்தா பதியணும்னு அந்தத் தீர்ப்பு சொல்லுச்சு. அதனால வாங்கினவருக்கு உரிமை வந்துடாது, அவ்வளவுதான்.

சரி, பட்டா? பட்டா வருவாய்த்துறை ஆவணம். யார்கிட்ட வரி வாங்கணும்ங்கிறதுக்காக வந்தது. அது உரிமை ஆவணம் இல்லன்னு நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கு. 1979-லிருந்து 1987 வரைக்கும் யூ.டி.ஆர். திட்டத்துல எல்லாப் பட்டாவையும் புதுப்பிச்சாங்க. அதுல விழுந்த பிழைகளைத் திருத்த இன்னைக்கும் தாலுகா ஆபீஸ்ல வரிசை நிக்குது.

பழைய காலத்துல இந்த இடைவெளியை ஒரு மனுஷன் நிரப்பினார். கர்ணம். எந்த வீட்டுல எத்தனை பொண்ணு, எந்த ஊர்ல கட்டிக் கொடுத்தாங்கன்னு அவருக்கு அத்துப்படி. பரம்பரை வேலைங்கிறதால அதுல ஆயிரம் அநியாயமும் இருந்துச்சு. 1980-ல எம்.ஜி.ஆர். அரசு அந்தப் பதவியை ஒழிச்சது சரியான முடிவுதான். ஆனா நெடுஞ்சடையன் நாட்டாரைக் கேட்டுட்டு வான்னு சொன்ன அந்த ஊர் ஞாபகம் அதோட போச்சு. அந்த இடத்துல நாம வச்சது வில்லங்கச் சான்றை.

வில்லங்கச் சான்றுல எது வராதுன்னு தெரிஞ்சுக்கோங்க. விடுபட்ட வாரிசு வரமாட்டார். உயில் வராது. பதிவு பண்ணின உயில்கூட வேற புத்தகத்துல போகும். வாய்வழிப் பாகம் வராது. நிலம் கோயில் இனாமா, நிபந்தனைப் பட்டாவா, பஞ்சமி நிலமா, இதெல்லாம் அதை வச்சு மட்டும் தெரியாது. எங்க பக்கம் ஆத்துப் பாசனம் முழுக்கக் கோயில் நிலம் கலந்து கிடக்கு. 1959 அறநிலையத்துறைச் சட்டத்தோட 34-ஆம் பிரிவுப்படி, அனுமதி இல்லாம கோயில் நிலத்தை வித்தா அந்த விற்பனையே செல்லாது. எத்தனை கை மாறினாலும் அதுதான் நிலை.

பிலடெல்பியாவுல ஒரு தரகர்

இந்தக் கேள்வியை வேற ஊர்ல எப்படித் தீர்த்தாங்கன்னு தேடினப்ப, அச்சு அசலா எங்க அண்ணாச்சி மாதிரி ஒருத்தர் கிடைச்சார். அமெரிக்காவுல பிலடெல்பியா. பேரு மியூர்ஹெட். சொத்து கைமாறும்போது ஆவணம் தேடிப் பார்த்து, பத்திரம் தயார் பண்ணிக் கொடுக்கிறது அவர் தொழில். வாட்சன்கிறவர் அவரை நம்பி ஒரு நிலம் வாங்குறார். பதிவேட்டுல பழைய கடன் தீர்ப்பு ஒண்ணு இருக்கிறதை மியூர்ஹெட் பார்க்கிறார். மறைக்கல. வக்கீல்கிட்ட கேட்கிறார். அது நிலத்தைப் பாதிக்காதுன்னு வக்கீல் சொல்றார். அதை நம்பி வாட்சன்கிட்ட கிளியர்னு சொல்றார்.

வக்கீல் சொன்னது தப்பாப் போச்சு. வாட்சன் பணத்தை இழந்தார். மியூர்ஹெட் மேல கேஸ் போட்டார். 1868-ல பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு: மியூர்ஹெட் அக்கறையாத்தான் நடந்திருக்கார், வக்கீல் கருத்தையும் வாங்கியிருக்கார், அவர்கிட்ட அலட்சியம் இல்ல, அதனால அவர் பொறுப்பில்ல.

யோசிச்சா தீர்ப்பு சரிதான். ஆனா வாட்சனோட பணம்? நேர்மையான தப்புக்கு எதிராளியே கிடையாது. யார்கிட்ட போய்க் கேட்பார்?

அந்த ஊர்க்காரங்களையும் இதே கேள்வி உறுத்தியிருக்கணும். 1874-ல பென்சில்வேனியா ஒரு சட்டம் போட்டு, உரிமைக்குக் காப்பீடு கொடுக்கிற நிறுவனங்களை அனுமதிச்சது. 1876-ல பிலடெல்பியாவுலயே முதல் டைட்டில் இன்சூரன்ஸ் கம்பெனி ஆரம்பிச்சாங்க. யார் தப்புன்னு தேடாம, நஷ்டம் வந்தா ஈடு கொடுக்கிறதுதான் அதோட அடிப்படை.

மத்த இன்சூரன்ஸ் எல்லாம் இனிமே நடக்கப் போறதுக்கு. இது மட்டும் ஏற்கனவே நடந்து, கண்ணுக்குத் தெரியாம இருக்கிறதுக்கு. பத்திரம் முடியுற அன்னைக்கு ஒரே ஒரு தடவை பிரீமியம். நீங்களும் உங்க வாரிசும் அந்தச் சொத்தை வச்சிருக்கிற வரைக்கும் பாதுகாப்பு. போலிக் கையெழுத்து, விடுபட்ட வாரிசு, பழைய கடன் வந்தா ஈடு கொடுப்பாங்க, கோர்ட் செலவையும் ஏத்துக்குவாங்க.

அங்க ரெண்டு பாலிசி உண்டு. பேங்க்குக்கு ஒண்ணு, வீட்டுக்காரருக்கு ஒண்ணு. பேங்க் தன்னோட பாலிசியை வாங்காம பெரும்பாலும் கடனே தராது, காசு கட்டுறது வாங்குறவர். ஆனா அந்தப் பாலிசி பேங்க் கடனுக்கு மட்டும்தான். நீங்க கையிலிருந்து போட்ட பணத்துக்கு, வீட்டுக்காரர் பாலிசியைத் தனியா எடுக்கணும். நிறைய பேர் ஒண்ணு இருந்தா போதும்னு நினைச்சு விட்டுடுறாங்க. பேங்க்காரனே கடன் தாரான்லான்னு நாம சொல்ற அதே தப்பு, வேற நாட்டுல.

குறையும் உண்டு. பிரீமியம் அதிகம், அதுல சின்னப் பகுதிதான் இழப்பீடா திரும்பிப் போகுதுன்னு விமர்சனம் இருக்கு. ஆளைப் பிடிச்சுத் தர ஏஜெண்டுகளுக்குக் கமிஷன் கொடுக்கிற பழக்கம் பரவினதால, 1974-ல அமெரிக்கா சட்டம் போட்டு அதைத் தடை பண்ணுச்சு. அயோவா மாநிலம் தனியார் டைட்டில் இன்சூரன்ஸையே அனுமதிக்காம, அரசு சார்புல குறைஞ்ச செலவுல உத்தரவாதம் கொடுக்குது.

இன்னொரு வழி, அரசே உரிமைக்குப் பொறுப்பேத்துக்கிறது. 1858-ல தெற்கு ஆஸ்திரேலியாவுல டோரன்ஸ் கொண்டுவந்த முறை. சிங்கப்பூர், மலேசியா நேயர்களுக்கு இது பழக்கம். இலங்கையும் 1998-ல உரிமைப் பதிவுச் சட்டம் போட்டது. நம்ம நாட்டுல ராஜஸ்தான் நகர்ப்புற நிலத்துக்கு 2016-ல சட்டம் போட்டுச்சு. ஆந்திரா 2022-ல ஒரு சட்டம் கொண்டுவந்து, நிலத்தையே பிடுங்கிடுவாங்கன்னு ஜனங்க பயந்து, தேர்தல் பிரச்சினையாகி, 2024-ல அதை ரத்து பண்ணிட்டாங்க. பழைய லாக் ஃபைல் முழுக்கச் சரிபார்க்காம உத்தரவாதம் கொடுக்கிறது எந்த அரசுக்கும் சுலபம் இல்ல.

அப்ப நம்ம ஊர்ல என்ன பண்றது

2016 ரெரா சட்டத்துல ரெண்டு பிரிவு முக்கியம். 16-ஆம் பிரிவு: மாநில அரசு அறிவிக்கிறபடி, கட்டுநர் நிலத்தோட உரிமைக்குக் காப்பீடு எடுக்கணும். 18-ஆம் பிரிவு: உரிமைக் குறையால வாங்கினவருக்கு நஷ்டம் வந்தா கட்டுநர் ஈடு கொடுக்கணும், அந்தக் கோரிக்கைக்குக் காலக்கெடு கிடையாது. ஆனா இது பதிவான புதுத் திட்டங்களுக்கு. ஸ்ரீவைகுண்டத்துல நாங்க வாங்கின மாதிரி பழைய ஓட்டு வீட்டுக்கு இல்ல.

டைட்டில் பாலிசியை இந்தியாவுல சில காப்பீட்டு நிறுவனங்கள் கொண்டு வந்திருக்காங்க. பெரும்பாலும் பெரிய கட்டுநர்களுக்குத்தான். தனி வீடு வாங்குற ஆளுக்கு எல்.ஐ.சி. பாலிசி மாதிரி தெருவுல கிடைக்கிற நிலை இன்னும் வரல. அப்ப புரோக்கரைப் போய் இதைப் பரிந்துரை பண்ணுங்கன்னு சொல்றது என்ன நியாயம்னு கேட்பீங்க.

என் பதில் இதுதான். யாரும் கேட்காத பொருளை எந்தக் கம்பெனியும் கடையில வைக்காது. வீடு வாங்குறவர் வாழ்க்கையில ஒரு தடவை வாங்குவார். அவருக்கு இப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியாது. சார்பதிவாளர் சொல்ல மாட்டார், அவர் வேலை இல்ல. பேங்க் சொல்லாது, அதுக்கு அக்கறை இல்ல. வித்தவர் சொல்ல மாட்டார். நூறு பத்திரம் பார்த்தவர் அந்த மேஜையில புரோக்கர் ஒருத்தர்தான். விலை முடியுறதுக்கு முன்னாடி வாங்குறவர் நம்பிக் கேட்கிற ஒரே குரலும் அவருடையதுதான்.

இதைக் கேட்டுட்டிருக்கிற புரோக்கர் அண்ணாச்சிகளுக்கு நேராவே சொல்றேன். கண்ணாடி மாதிரி இருக்குன்னு நீங்க சொல்லும்போது, உங்களை அறியாமலே நீங்க ஒரு இன்சூரன்ஸ் கொடுக்கிறீங்க. பிரீமியம் வாங்காம, ஈடு கொடுக்கக் காசும் இல்லாம. நஷ்டம் வந்தா சட்டம் உங்களை விட்டுடலாம், மியூர்ஹெட்டை விட்ட மாதிரி. ஊர் விடாது. எங்க அப்பாவும் அண்ணாச்சியும் இன்னைக்கும் பஸ் ஸ்டாண்ட்ல பார்த்தா சிரிச்சுக்குவாங்க. ஆனா உட்கார்ந்து டீ குடிக்கிறதில்ல. இருபது வருஷப் பழக்கம் அது.

அதுக்குப் பதிலா இப்படிச் சொல்லலாம்: "வில்லங்கத்துல எதுவும் இல்ல. ஆனா வில்லங்கத்துல வராத சங்கதியும் உண்டு. டைட்டிலுக்கு இன்சூரன்ஸ் இருக்கு, கிடைக்குதான்னு விசாரிங்க. கிடைக்கலன்னா உங்களுக்குன்னு தனியா ஒரு வக்கீல் வச்சுப் பாருங்க." இப்படிச் சொன்னா வியாபாரம் கெடும்னு பயப்படாதீங்க. உங்க பேரு தப்பிக்கும். ஒரே நிபந்தனை, பாலிசியில கமிஷன் வாங்காதீங்க. வாங்கினா அது ஆலோசனை இல்ல, இன்னொரு வியாபாரம். 1974-ல அமெரிக்கா கத்துக்கிட்டது அதுதான்.

வாங்குறவங்களுக்கு, பாலிசி கிடைக்கிற வரைக்கும் நான் பட்டதுல இருந்து சொல்றேன். பேங்க் வக்கீலை உங்க வக்கீல்னு நினைக்காதீங்க. மூலப் பத்திரத்துல ஆரம்பிச்சு, ஒவ்வொரு இறப்புக்கும் வாரிசுச் சான்று கேளுங்க. ஒவ்வொரு பாகப்பிரிவினையிலும் பெண் பிள்ளைங்க எங்கேன்னு கேளுங்க. தெருவுல இருக்கிற வயசான ஆச்சிகிட்ட "அந்த வீட்டுல எத்தனை பிள்ளைய"ன்னு கேளுங்க. நாங்க வாங்கின வீட்டுக்கு எதிர்வீட்டு ஆச்சிக்கு அந்த மும்பை அக்கா பேரு தெரியும். எந்த வருஷம் ரயிலேறினாங்கன்னு கூடத் தெரியும். நாங்க கேட்கவே இல்ல.

அப்படியும் தப்பலாம். எத்தனை தேடினாலும் கண்ணுல படாத ஒரு நற்சிங்கன் இருக்கலாம். அவர் வந்து கேட்கும்போது அவருக்குச் சேர வேண்டியது போய்ச் சேரணும். நடுவுல இருக்கிற பேரில்லாத ஆள் தெருவுக்கு வராமலும் இருக்கணும். இந்த ரெண்டையும் சேர்த்து எந்த ராஜாவும் தீர்ப்புல கொடுக்க முடியாது. அதுக்குத்தான் காப்பீடு.

அப்பா இப்ப அந்த வீட்டுத் திண்ணையிலதான் உட்கார்ந்திருக்கார். விடுதலைப் பத்திரத்தை லேமினேட் பண்ணி பீரோவுல வச்சிருக்கார். லேமினேட் பண்ணக் கூடாதுப்பான்னு நான் சொன்னேன், கேட்கல.

உங்க வீட்டுலயும் இப்படி ஒரு கதை இருந்தா, ஊர் பேர் இல்லாம எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.